ஆ அல்லது இ

பதிவு 402
மார்ச் 4, 2093. காலை 09:10
முகடு இடைநிலையம், நிலவின் தென்முனை. எழுதுபவர்: பலவேசம், தகவல் தொடர்பு

மின்கலம் 88 சதவீதம். அலைவாங்கிக் கம்பம் நேராக நிற்கிறது. ஆட்கள்: ஒருவர். நான்.

பழைய திரை நேற்றோடு மண்டையைப் போட்டது. புதுத் திரையில், தூரத்துக் கணினியோடு பேசப் புது முனையச் செயலி. இதைச் சரிக்கட்ட முழுசாக ஒரு நாள் போய்விட்டது. எனக்குப் பிறகு இந்தக் கூண்டுக்கு வருகிறவருக்காக விளக்கமாக எழுதுகிறேன். எனக்கு எவரும் எழுதிவைக்கவில்லை, அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

கீழே, பத்தொன்பது கிலோமீட்டர் இறக்கப் பாதையில், வெயிலே படாத பள்ளத்தில் பனியைத் துளைத்தெடுக்கும் நிலையம் இருக்கிறது. அதன் பெயரும் பள்ளம்தான். காற்று, சூடு, கதவு எல்லாம் அங்குள்ள கணினி கையில். நடு நிலையத்திலிருந்து யார் அதோடு பேசினாலும் இந்த முகடு வழியாகத்தான் போக வேண்டும். இங்கிருந்து இணையும்போது கூடவே சில சூழல் மாறிகளை அனுப்ப வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. என் திரை என்ன வகை, என்னோடு எந்த மொழியில் பேச வேண்டும், எனக்கு எந்த ஊர் நேரம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிற சீட்டு. 'அமைப்புகள்' போய், 'இணைப்பு' போய், 'சூழல் மாறிகள்' என்ற கட்டத்தில் இவற்றை எழுதவும்:

TERM=xterm-256color
LANG=ta_IN.UTF-8
TZ=Asia/Kolkata

முதல் இரண்டையும் பள்ளம் வாங்கிக்கொண்டது. மூன்றாவதான நேரத்தை வாங்க மாட்டேன் என்கிறது. தன் பட்டியலில் இல்லாத பெயரை அது கிழித்துப் போட்டுவிடும். அப்படியானால் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில்தான் காட்டும் என்று நினைக்கிறேன். ஐந்தரை மணி கூட்டிப் படித்துக்கொள்ளவும்.

இன்னொரு தொல்லை. பள்ளம் அனுப்பும் நிலவர அட்டவணை தமிழில் வந்தால் கொஞ்சம் அகலமாக இழுக்கிறது. 'நி', 'லை' இதெல்லாம் ஒரு எழுத்தா இரண்டா என்று செயலிக்குக் கணக்குத் தெரியவில்லை. கடைசிக் கட்டம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதில் என்ன இருக்கும் என்றுகூட எனக்கு நினைவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பள்ளத்துக் கணினியைத் தமிழ் பேசவைத்தது நான்தான். 614 வாக்கியங்கள், ஏழு மாதம். பெருமை இல்லாமல் இல்லை. இப்போது பள்ளத்தில் தனியாக இருக்கும் துளை மெக்கானிக் கிரகோரி, தூத்துக்குடிக்காரர், காலையில் குரல் வழியில் வந்தார்.

"வே பலவேசம், ஒம்ம மெஷின் என்கிட்ட 'வடிகட்டியை மாத்திட்டீங்களா'ன்னு கேக்குவே. எம் பொண்டாட்டி ஜெனோவா கேக்குற மாதிரியே இருக்கு. அவ கேட்டாலும் நான் மாத்த மாட்டேன்."

மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

பதிவு 403
மார்ச் 5. மாலை 16:50

16:00 மணிக்கு நில அதிர்வு. பதினொரு வினாடி. இங்கே அலமாரி விழுந்தது, வேறு சேதம் இல்லை. பள்ளத்தில் சேதம்.

வரிசையாக எழுதுகிறேன். பள்ளத்தில் அறை இரண்டு. வேலை அறை, படுக்கை அறை. வேலை அறையின் சுவர் விரிசல் விட்டுக் காற்று கசிகிறது. கிரகோரி படுக்கை அறைக்குள் ஓடி நடுக்கதவை அடைத்துவிட்டார். நல்லவேளை. ஆனால் கட்டுப்பாட்டுத் திரை, வெளியே போகும் உடுப்பு இரண்டும் வேலை அறையில் மாட்டிக்கொண்டன. அவரிடம் இருப்பது குரல் கருவி மட்டும். அவருக்காக இனி எந்தப் பொத்தானையும் நான்தான் இங்கிருந்து அழுத்த வேண்டும்.

"கையில அடிதான்வே, ஒடையல. பதறாதேரும். நீரு பதறுனா எனக்குப் பயமா இருக்கு."

நான் இறங்கிப் போக முடியாது. என் உடுப்பில் ஆறு மணி நேரக் காற்று, இறங்க பதினொரு மணி நேரம். வண்டி நடு நிலையத்தில். அங்கே இருக்கும் மருத்துவர் தெய்வானை, பொள்ளாச்சிப் பெண், தானே ஓட்டி வருகிறாள்.

"கெளம்பிட்டேனுங்ணா. பாறைய சுத்தித்தானுங் வரோணும், தொண்ணூறு மணி நேரம் ஆகும். ஒம்பதாந் தேதி காலைல பத்து மணிக்கு அங்க நிப்பேனுங். தொட்டியில எவ்ளோ இருக்குதுங்?"

படுக்கை அறைக்கு மட்டும் என்றால் 96 மணி நேரக் காற்று. ஆறு மணி நேரம் மிச்சம். அப்பாடா.

பள்ளத்துக் கணினி கேட்ட ஒரே கேள்வி இது. வேலை அறையின் அசைவு உணரி உடைந்ததால் அங்கே ஆள் இருக்கிறாரா என்று அதற்குத் தானாகத் தெரியவில்லை. பதிலுக்கு ஆ என்றால் ஆம், இ என்றால் இல்லை.

> வேலை அறையில் யாரும் இல்லையா? (ஆ/இ)

இ அடித்தேன்.

> நன்றி. பதிவு செய்யப்பட்டது.

பதிவு 404
மார்ச் 6. காலை 07:00

தூங்கவில்லை. பதினைந்து மணி நேரம் கழிந்தது. இப்போதுதான் நிதானமாக அட்டவணையைப் பார்த்தேன். 'காற்று தீரும் நேரம்: மார்ச் 9, 10:30'.

16:00 என்று இருக்க வேண்டும். அப்புறம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தேன். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி. சனியன் பிடித்த அந்த நேர மாறி! பள்ளம் உலகப் பொது நேரத்தில் காட்டுகிறது. அவ்வளவுதான்.

தெய்வானையிடமும் சொன்னேன். "அப்படீங்களா, நானும் ஒரு நிமிசம் ஆடிப் போயிட்டனுங்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அதற்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்கிறேன். (இந்தக் கடைசி வரியை 7ஆம் தேதி சேர்த்தேன்.)

பதிவு 405
மார்ச் 6. மாலை 19:00

'காற்று தீரும் நேரம்: மார்ச் 9, 06:00'.

நேர மண்டல வித்தியாசம் ஒரே இடத்தில் நிற்கும். வளராது. இது வளர்கிறது. கிரகோரியிடம் கேட்டேன், பள்ளத்துக் கடிகாரம் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று.

"இந்திய நேரந்தான்வே. நாந்தான வச்சேன் வந்த அன்னைக்கே. ஏன் கேக்கீரு?"

ஏன் கேட்கிறேன். பத்து மணி நேரக் காற்றைக் காணோம், அதனால் கேட்கிறேன். காலையில் இதை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டு மணி நேரம் முன்பே விழித்திருப்போம்.

காற்று 06:00க்குத் தீரும். தெய்வானை 10:00க்கு வருவாள். படுக்கை அறையிலும் விரிசல் இருக்க வேண்டும், வேறென்ன. ஒரு துண்டு மெல்லிய காகிதத்தைச் சுவர் ஓரமாகப் பிடித்துக்கொண்டே போகச் சொன்னேன். எங்கே காகிதம் ஆடுகிறதோ அங்கே பட்டை ஒட்ட வேண்டும்.

"ஆடலவே. எங்கயும் ஆடல. எங் கைதான் ஆடுது."

எல்லா மூலையிலும் ஒட்டச் சொன்னேன். மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. நிறுத்தச் சொல்லவில்லை.

பதிவு 406
மார்ச் 7. காலை 08:20

கண்டுபிடித்துவிட்டேன். ஓட்டை சுவரில் இல்லை. என்னிடம்.

08:00 மணிக்குப் புதுத் திரை உறைந்துபோனது. அவசரக் கைத்திரையை எடுத்து நேரடியாக இணைத்தேன். அதில் சூழல் மாறி எதுவும் எழுதிவைக்கவில்லை. மொழி சொல்லாததால் பள்ளம் ஆங்கிலத்தில் பேசியது. ஆங்கில எழுத்து இழுக்காது. அட்டவணை முழுதாகத் திரைக்குள் உட்கார்ந்தது. நான்கு நாளாக வெளியே விழுந்துகொண்டிருந்த கடைசிக் கட்டம் தெரிந்தது. அதில் எழுதியிருந்ததன் பொருள் இதுதான்:

வேலை அறை. ஆள் உண்டு. ஆதாரம்: இயக்குபவரின் பதில். காற்று வழங்கப்படுகிறது.

ஆள் உண்டு. யாருமில்லாத அறையில், சுவர் பிளந்த அறையில், ஆள் உண்டு. நாற்பது மணி நேரமாகக் கணினி அந்த ஓட்டை அறைக்குக் காற்றை இறைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே இருக்கிறவர் செத்துவிடக் கூடாதே என்று.

இயக்குபவர் நான். பதில் 'இ'.

படிப்பவரே, நீங்கள் தமிழர் என்றால் உங்களையே கேட்டுப் பாருங்கள். வீட்டுக் கதவைத் தட்டி "யாரும் இல்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து நீங்கள் என்ன சொல்வீர்கள்? "இல்லை" என்பீர்கள். அல்லது "ஆமா, யாரும் இல்லை" என்பீர்கள். இரண்டுக்கும் ஒரே அர்த்தம். எவரும் குழம்ப மாட்டார். கணினி குழம்பவில்லை, அதற்குக் குழம்பத் தெரியாது. 'யாரும் இல்லை' என்பது சரியா என்று கேட்டது. இ என்றேன். அப்படியானால் யாரோ இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் 'அறை காலி என்பதை உறுதிசெய்க' என்கிற மாதிரி மொட்டையாக இருந்தது. அதை நம் வீட்டில் கேட்கிற மாதிரி கேட்கவைத்தது நான். 614இல் அது 207ஆவது. ஏழு மாதம் உட்கார்ந்து அழகு பார்த்தேன்.

ஆங்கிலத்திலேயே பதிலைத் திருத்தினேன். வேலை அறைக் குழாய் 08:11க்கு மூடியது. இப்போது தீரும் நேரம் மார்ச் 9, 01:10. வண்டி 10:00.

ஒன்பது மணி நேரம் குறைகிறது.

பதிவு 407
மார்ச் 7. காலை 08:50

கிரகோரியிடம் சொன்னேன். மறைக்க முடியவில்லை, அந்த ஆளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. ராத்திரி முழுக்க ஒட்டிய பட்டை எல்லாம் வீண் என்பதையும் சொன்னேன். அப்புறம் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"அட போவும்வே. நானா இருந்தாலும் அதத்தான அடிச்சிருப்பேன். ஆளில்லன்னா இல்லைன்னுதான சொல்லணும்? பொறவு என்ன ஆமாங்கதா?"

நான் அழுதேன். அவருக்குக் கேட்டது.

"வே, அழுவாதேரும். கேளும். ஜெனோவா கேட்டா மெஷின் கோளாறுன்னு சொல்லிரும். குறிப்புலயும் அப்பிடியே எழுதும். இந்த ஆ, இ கதையெல்லாம் வேண்டாம். அவ சும்மா ஒம்ம பேரச் சொல்லிச் சொல்லி அழுவா. எனக்காவ இத மட்டும் செய்யும்."

சரி என்றேன். ஆனாலும் நடந்ததை இங்கே எழுதிவிட்டேன். மன்னியும்வே.

தெய்வானை கணக்குப் போட்டுச் சொன்னாள்: குழாயில் போகும் காற்றின் அளவைக் குறைக்கலாம். எண்பத்தைந்து சதவீதம் வரை ஆள் தாங்கும். அப்படியென்றால் 9ஆம் தேதி காலை 08:30 வரை வரும். அப்போதும் ஒன்றரை மணி நேரம் பற்றாது.

"எண்பதுக்கு எறக்கும்வே" என்றார் கிரகோரி.

"எண்பதுன்னா மயக்கம் வருமுங்ணா. அந்தச் சின்ன அறையில கரியமில வாயு வேற சேருமுங். நா எறக்கச் சொல்ல மாட்டேனுங்."

"அம்மாடி, எண்பத்தஞ்சுன்னா நீ வாரதுக்கு முன்னால தீந்துரும். எண்பதுன்னா பதினொண்ணரை வரைக்கும் ஓடும்லா. மயங்கிக் கெடந்தா வந்து எழுப்பு. எழுப்பத் தெரியும்லா ஒனக்கு?"

எண்பதுக்கு இறக்கினேன். இதையும் என் விரல்தான் செய்தது.

இனிப் பேசக் கூடாது, அசையக் கூடாது, படுத்தே கிடக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை குரல் கருவியில் விரலால் ஒரு தட்டு. உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம்.

பதிவு 408
மார்ச் 8. காலை 10:15

தட்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் வந்தது. நடுவில் ஒன்று நான்கு நிமிடம் தாமதம். அந்த நான்கு நிமிடத்தில் நான் கெட்டவார்த்தையில் திட்டாத சாமி இல்லை.

புதுத் திரையைச் சரிசெய்துவிட்டேன். மொழி மாறியை ஆங்கிலத்துக்கு மாற்றத்தான் நினைத்தேன். ஆனால் மொழியை மாற்ற இணைப்பைத் துண்டித்துத் திரும்ப வாசலில் போய் நிற்க வேண்டும். திரும்ப உள்ளே விடாவிட்டால்? தொடவில்லை. தமிழ் இணைப்பே ஓடுகிறது. இப்போது அகலத்தைக் கூட்டி எழுத்தைச் சிறிதாக்கியிருக்கிறேன். கடைசிக் கட்டம் தெரிகிறது. முதல் நாளே இரண்டு நிமிடத்தில் இதைச் செய்திருக்கலாம்.

படுக்கை அறை. ஆள் உண்டு. ஆதாரம்: அசைவு உணரி.

அந்த வரியைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பதிவு 409
மார்ச் 8. மாலை 17:30

தட்டுக்குப் பதில் குரல். திட்டினேன், பேசாதேரும் என்று.

"ஒரே ஒரு வார்த்த. தல பயங்கரமா வலிக்குவே. அதான். வேற ஒண்ணுமில்ல. வடிகட்டிய மாத்திட்டேன்னு ஜெனோவாட்ட சொல்லும்."

அப்புறம் தட்டு.

பதிவு 410
மார்ச் 9. காலை 05:55

05:25க்குத் தட்டு வந்தது. 05:40க்கு வரவில்லை. 05:55க்கு வரவில்லை.

கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். குழாயை நூறுக்கு ஏற்றிவிட்டேன், மிச்சக் காற்று பத்து மணி வரை தாங்கும். தெய்வானை வேகத்தைக் கூட்டியிருக்கிறாள், அதற்குமேல் போனால் வண்டி கவிழும் என்கிறாள். கவிழட்டும் என்று சொல்லிவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

பதிவு 411
மார்ச் 9. காலை 06:41

> படுக்கை அறையில் 60 நிமிடமாக அசைவு இல்லை.
> படுக்கை அறையில் யாரும் இல்லையா? (ஆ/இ)
> பதில் இல்லையெனில் 5 நிமிடத்தில் குழாய் மூடப்படும்.

என் வாக்கியம். அதே 207. அதே குரலில் என்னையே கேட்கிறது.

கிரகோரி இருக்கிறாரா இல்லையா எனக்குத் தெரியாது. மயங்கிக் கிடக்கிறார். மயங்கித்தான் கிடக்கிறார். வந்து எழுப்பச் சொல்லியிருக்கிறார்.

நான்கு நிமிடம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எது எது என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஆ என்றால் காலி, மூடிவிடும். இ என்றால் ஆள் உண்டு.

இ அடித்தேன். அன்றைக்கு அடித்த அதே விசை.

> நன்றி. பதிவு செய்யப்பட்டது.

பதிவு 412
மார்ச் 9. காலை 09:20

கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. 207ஆவது வாக்கியத்தைத் திருத்திப் பள்ளத்துக் கோப்பில் ஏற்றிவிட்டேன். புதிதாக இணைகிறவர்களுக்கு இனி இப்படிக் கேட்கும்: 'அறையில் ஆள் உண்டா?' இல்லை என்றால் இல்லை. வேறு அர்த்தம் கிடையாது. மூன்று சொல். இதை எழுத எனக்கு முப்பது வினாடி ஆனது.

அசைவு இல்லை. தட்டு இல்லை.

பதிவு 413
மார்ச் 9. காலை 10:25

தெய்வானை 09:52க்கு இறங்கினாள். வண்டியின் வாயைப் படுக்கை அறையின் அவசரக் கதவோடு பொருத்தித் திறந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உள்ள வந்துட்டேனுங்ணா. காத்து நல்லாத்தானுங் இருக்குது. எனக்கே மூச்சு விட முடியுதுங். அவரு... அண்ணா, கேக்குதுங்களா? ஒடம்பு ஆறிப் போச்சுங்ணா. மூணு நாலு மணி நேரம் ஆயிருக்குமுங். வெரலு அந்தக் குரல் கருவி மேலயே இருக்குதுங். நா எடுக்கவே இல்லீங்."

கேட்கிறது என்றேன்.

பதிவு 414
மார்ச் 9. நண்பகல் 12:10

தெய்வானை அவரை வண்டிக்குள் ஏற்றிக் கதவடைத்தாள். சுவரெல்லாம் பட்டையாக ஒட்டியிருக்கிறது என்றாள். ஓரம் தவறாமல் நேராக ஒட்டியிருக்கிறாராம்.

ஜெனோவாவிடம் யார் சொல்வது என்று கேட்டாள். நான் சொல்கிறேன் என்றேன். மெஷின் கோளாறு என்று சொல்லப்போவதில்லை. வடிகட்டியை மாற்றியதையும் சொல்வேன்.

பள்ளத்தை மூட வேண்டும். இணைப்பைத் துண்டித்துத் திரும்ப இணைந்தேன். திரை வகை அனுப்பினேன், வாங்கிக்கொண்டது. மொழி அனுப்பினேன். ஆங்கிலம் போட்டிருக்கலாம். போடவில்லை. தமிழே அனுப்பினேன், வாங்கிக்கொண்டது. நேரத்தை இன்றைக்கும் வாங்கவில்லை.

இதைப் படிக்கிறவர் எவரானாலும், கடைசிக் கட்டம் வரை பாருங்கள்.

> படுக்கை அறையில் ஆள் உண்டா? (ஆ/இ)

இருபது நிமிடமாகக் கேட்டபடி நிற்கிறது. இந்த முறை குழப்பமே இல்லை. நானே திருத்தியது.

இ